மைத்துனரைக் கடைசிச் சுற்றிலிருந்து தடுத்து நிறுத்தக் கோரி

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் பணிந்து எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். உங்கள் மகள் நலம். உங்கள் மகனும் பரம நலம். அவன் இவ்வளவு நலமாக இருப்பதுதான் இப்போது எனக்குத் தலைவலி. வெள்ளிக்கிழமை வரை நீடிக்கிற மாதிரி ஒரு சின்னத் தொண்டைக்கட்டு அவனுக்கு வந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே அவசியம் இருந்திருக்காது. உங்கள் முழங்கால் வலி, அத்தையின் தூக்கமின்மை இரண்டையும் நான் அக்கறையோடு விசாரித்ததாக எடுத்துக்கொள்ளவும். விரிவாக விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

அவன் போட்டிக்குப் போவதை நான் விரும்பவில்லை என்பது உங்கள் காதுக்கு எட்டிவிட்டது போலும், உங்கள் கடிதம் நேற்று வந்தது. ‘மாப்பிள்ளை, என் பையன் டிவியில வந்து நாலு பேர் பார்க்க ஜெயிக்கிறதுல உங்களுக்கு என்ன வயித்தெரிச்சல்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். வயித்தெரிச்சலுக்கு அடியில் இரண்டு கோடு வேறு இழுத்திருக்கிறீர்கள்; இரண்டாவது கோட்டில் காகிதமே கிழிந்திருக்கிறது. மாமா, எனக்கு வயித்தெரிச்சல் இல்லை. எனக்கு இருப்பது பயம். அது என்ன பயம் என்று சொல்ல வேண்டுமானால் இதுவரை உங்கள் மகளிடம்கூடச் சொல்லாத ஒரு ரகசியத்தை உங்களிடம் சொல்லியாக வேண்டும். படித்து முடித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள், ஏற்கெனவே கிழிக்கிற பழக்கம் உங்களுக்கு இருக்கிறது.

நான் தொலைக்காட்சி நிலையத்தில் நாற்காலி, மேசை, ஏசி பராமரிப்பு பார்ப்பதாக உங்கள் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன் அல்லவா, அது பொய். அங்கே நான் எந்த நாற்காலியையும் பராமரிக்கவில்லை, ஒன்றில் உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான். உங்கள் மகன், நம் தம்பி, வெள்ளிக்கிழமை போகப்போகிறானே அந்த வினாடி வினா நிகழ்ச்சி, அதன் கடைசிச் சுற்றுக்கான துப்புகளை எழுதுகிறவன் நான்தான். நான் குறுக்கெழுத்துப் போட்டி போட்டுக்கொண்டிருந்த பத்திரிகை மூடப்பட்டதும் தயாரிப்பாளர் அம்மையார் என்னைக் கூப்பிட்டு இந்த வேலையைக் கொடுத்தார். ஒரே நிபந்தனை: துப்பு எழுதுவது யார் என்று வெளியே ஒரு ஈ காக்கைக்கும் தெரியக் கூடாது, கட்டிய மனைவி உட்பட. என்ன வேலை என்று வீட்டில் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேனா, வாசலில் ஒருவர் ஏணியில் ஏறி ஏசியைத் துடைத்துக்கொண்டிருந்தார், அதையே சொல்லிவிட்டேன், அம்மையாரிடமும் அதைத் தெரிவித்துவிட்டேன். அதற்கு நான் அனுபவித்தது கொஞ்சநஞ்சமல்ல. போன மாதம் உங்கள் வீட்டு ஏசியில் தண்ணீர் சொட்டியபோது என்னை வரவழைத்து ஸ்டூல் போட்டு ஏற்றிவிட்டீர்கள். நான் மேலே நின்று அதை நாலு பக்கமும் தட்டிப் பார்த்து, கம்ப்ரஸருக்கு வயசாகிவிட்டது என்று சொல்லிவிட்டு இறங்கினேன். மறுநாள் வந்த ஆள் குழாயிலிருந்து ஒரு பல்லியை எடுத்தார். நீங்கள் அன்றைக்கு என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

கடைசிச் சுற்று எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். விளக்கெல்லாம் மங்கும். போட்டியாளர்கள் ஒவ்வொருவராகக் கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாகப் போய் நிற்பார்கள். தொகுப்பாளர் ஆளுக்கு ஒரே ஒரு துப்பைப் படிப்பார், இசை ஓடும், இசை நிற்பதற்குள் பதில் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் பெரிய பரிசு, தப்பாகச் சொன்னால் ஒரு பெட்டி சோப்புடன் வீட்டுக்குப் போக வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அந்தத் துப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதில் அம்மையாருக்கு ஒரு கொள்கை உண்டு. கூண்டில் நிற்கிறவருக்கு அது தெரியக் கூடாது. வீட்டில் சோபாவில் சாய்ந்திருக்கிறவருக்கு அரைகுறையாகத் தெரிய வேண்டும். பதிலைக் கேட்டதும் அவர், சே, இது எனக்குத் தெரிஞ்சதுதானே என்று தொடையில் ஓங்கித் தட்டிக்கொள்ள வேண்டும். அந்தச் சத்தம் வீட்டுக்கு வீடு கேட்டால்தான் விளம்பரக்காரர்கள் நம்மைத் தேடி வருவார்கள் என்பார். ரொம்பக் கஷ்டமாகவும் இருக்கக் கூடாது, ரொம்பச் சுலபமாகவும் இருக்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற நூலிழையில்தான் மாமா உங்கள் மகளின் குடும்பம் நடக்கிறது.

ஒரு துப்பு கஷ்டமா சுலபமா என்று எழுதியவனுக்குத் தெரியவே தெரியாது, அவனுக்குத்தான் பதில் தெரியுமே. யாரிடமாவது போட்டுப் பார்க்க வேண்டும். வெளி ஆளிடம் கேட்க முடியாது. ஆகவே வீட்டில், சாப்பாட்டு மேசையில், உங்கள் மகளிடமும் தம்பியிடமும் யாருக்கும் சந்தேகம் வராதபடி போட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். இந்த இடத்தில் என் சாமர்த்தியத்தை நானே சொல்லிக்கொள்வது அழகில்லை, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். நேரடியாகக் கேட்கவே மாட்டேன். ஒரு நாள் கழுத்தைப் பிடித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தேன். என்ன ஆச்சு என்று உங்கள் மகள் கேட்டாள். ஒன்றுமில்லை, மனுஷனுக்குக் கழுத்தில் இருப்பதே ஏழு எலும்பு, இதற்கே இந்த வலி. அதே ஏழு எலும்பை வைத்துக்கொண்டு ஆள் உயரத்துக்குக் கழுத்து நீண்ட ஒரு மிருகம் இருக்கிறதே, அது என்ன பாடு படும் என்று பெருமூச்சு விட்டேன். எவ்வளவு இயல்பாக நுழைத்தேன் பாருங்கள். உங்கள் மகள் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கொக்கு என்றாள். தம்பி சோற்றைப் பிசைந்துகொண்டே, “ஆமைதான் அத்தான். கழுத்தை உள்ள இழுத்து வெச்சிருக்கிறதால நீளம் நமக்குத் தெரியறதில்ல” என்றான். அவன் குரலில் இருந்த உறுதியைக் கேட்டு ஒரு நிமிடம் நானே ஆமைக் கழுத்தைப் பற்றிச் சந்தேகப்பட்டேன். பிறகு பேச்சோடு பேச்சாக ஒட்டகச்சிவிங்கி என்று சொல்லிவைத்தேன். அக்காவும் தம்பியும் ஓகோ என்று வியந்தார்கள். அன்றைக்கு நான் ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொண்டேன்.

இப்படியே போயிற்று. சாப்பாடு சூடாக இருக்கிறது என்று கையை உதறி, சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடானது, கண் மூடித் திறப்பதற்குள் காணாமல் போவது, அது என்னவாக இருக்கும் என்று ஆச்சரியப்பட்டேன். உங்கள் மகள் என் கோபம் என்றாள். தம்பி இஸ்திரிப் பெட்டி என்றான். மின்னல் யாருக்கும் தோன்றவில்லை. அலுவலகத்தில் ஒருவர் விமானத்தில் போயிருக்கிறார் என்று ஆரம்பித்து, பேரில் கறுப்பும் உடம்பில் ஆரஞ்சும் உள்ள ஒரு பொருளை விமானம் விழுந்தால் முதலில் தேடுவார்களாமே என்றேன். கறுப்புப் பெட்டி என்று பச்சைக் குழந்தைகூடச் சொல்லும் என்று உள்ளூரப் பயந்துகொண்டிருந்தேன். தம்பி சற்றும் தயங்காமல் பைலட்டின் சாப்பாட்டு டப்பா என்றான். எனக்கு அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நான் எழுதிய துப்பு எதுவும் இந்த வீட்டில் தோற்றதே இல்லை மாமா. வளர்ந்த இரண்டு பேர், இருவரும் படித்தவர்கள், அதிலும் தம்பி மூக்குக்கண்ணாடிக் கடையில் ஊருக்கே கண் பரிசோதிக்கிறவன், இவர்களுக்கே பதில் வரவில்லை என்றால் கூண்டில் நிற்கிறவருக்கு எங்கே வரப்போகிறது என்று நிம்மதியாக அலுவலகத்துக்கு எடுத்துப் போவேன்.

கூண்டில் நிற்கிறவருக்கு வந்தது. அதுதான் எனக்கு விளங்கவில்லை. ஒட்டகச்சிவிங்கி வந்தது, மின்னல் வந்தது, கறுப்புப் பெட்டி வந்தது. தொகுப்பாளர் துப்பைப் படித்து முடிப்பதற்குள் பதில் வந்தது. இசைக்காரர் பாதியில் நிறுத்தி நிறுத்தி அலுத்துப்போய் வாசிப்பதையே விட்டுவிட்டார். நான் சேர்ந்ததிலிருந்து இரண்டு மாதமாக ஒருவர்கூட சோப்புப் பெட்டி வாங்கவில்லை, அதெல்லாம் அறை நிறைய அடுக்கிக் கிடக்கிறது. ஒரு தாய் எங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தார், பல் தேய்த்துக்கொண்டிருந்த தன் குழந்தை பிரஷ்ஷை வாயிலிருந்து எடுக்காமலேயே பதில் சொல்லிவிட்டதாம். அம்மையார் அந்தக் கடிதத்தை என் முன்னால் வைத்துவிட்டு, “இந்த மாசக் கடைசி வெள்ளிக்கிழமை ரெகார்டிங்லயும் எல்லாரும் ஜெயிச்சாங்கன்னா, நீங்க வீட்ல சொல்லியிருக்கிற வேலையையே பார்க்கப் போகலாம். ஏணி வெளியிலதான் இருக்கு” என்றார். மேடம், என் வீட்டில் போட்டுப் பார்த்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை என்று தொண்டை வரை வந்தது. வீட்டில் போட்டுப் பார்த்தேன் என்று சொன்னால் அன்றைக்கே ஏணி. விழுங்கிக்கொண்டு வந்தேன்.

அன்று மாலை என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று நானும் டிவி முன்னால் உட்கார்ந்தேன். தம்பி சோபாவில் படுத்தபடி வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான். கடைசிச் சுற்று. அன்றைக்குப் பார்த்து மறு ஒளிபரப்பு, கழுத்துத் துப்பு. தொகுப்பாளர் ‘ஆள் உயரத்துக்கு’ என்று வாயெடுப்பதற்குள் தம்பி கண்ணைக்கூடத் திருப்பாமல் ஒட்டகச்சிவிங்கி என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுநாள் மின்னல் என்றான். அதற்கு மறுநாள் இன்னும் துப்பே வரவில்லை, விமானத்தின் படத்தைப் பார்த்ததுமே கறுப்புப் பெட்டி என்றான். எப்படிடா தெரியும் என்று கேட்டேன். சும்மா தோணுச்சு அத்தான் என்று இன்னொரு கடலையை வாயில் போட்டுக்கொண்டான்.

எனக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. நான் சாப்பாட்டு மேசையில் சொன்ன பதில்கள் எல்லாம் அவன் மண்டையில் போய் உட்கார்ந்திருக்கின்றன. யார் சொன்னது, எப்போது சொன்னது என்பதை மறந்துவிட்டான், பதில் மட்டும் தங்கிவிட்டது. டிவியில் கேட்டதும் அது தானாக வெளியே வருகிறது, அதைத் தன் அறிவு என்று நம்புகிறான். இந்தக் குழப்பத்திலேயே ஒரு வாரம் போயிற்று, ஒரு நாள் உங்கள் மகள் சமையலறையிலிருந்து வந்து, தம்பி அந்த நிகழ்ச்சிக்கு எழுதிப் போட்டிருந்தான், கூப்பிட்டுவிட்டார்கள், வெள்ளிக்கிழமை போகிறான் என்று ஒரே மூச்சில் சொன்னாள். வெள்ளிக்கிழமைத் துப்புகளில் பாதி ஏற்கெனவே எங்கள் சாப்பாட்டு மேசையைக் கடந்து போனவை, மாமா. அவன் போவான், எதைக் கேட்டாலும் பதில் சொல்வான், ஜெயிப்பான், அந்த மகிழ்ச்சியில் ‘எங்க அத்தான்தான் எனக்கு இன்ஸ்பிரேஷன்’ என்று கேமராவைப் பார்த்துக் கையாட்டுவான். அதோடு என் கதை முடிந்தது.

நிலையத்தில் வேலை செய்கிறவர்களின் உறவினர்கள் கலந்துகொள்ளக் கூடாது என்று விதி இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அதுதான் கடைசி நம்பிக்கையாக இருந்தது. தம்பி யோக்கியன், உறவினர் யாரேனும் உண்டா என்ற இடத்தில் ‘உண்டு. அக்காவின் கணவர். நாற்காலி, ஏசி பராமரிப்பு’ என்று எழுதியிருக்கிறான். அவர்கள் பராமரிப்புப் பிரிவில் விசாரித்திருக்கிறார்கள். அப்படி ஒரு ஆள் இங்கே கிடையாது, ஒருபோதும் இருந்ததும் கிடையாது என்று பதில் வந்திருக்கிறது. உறவினர் இல்லை என்று முடிவு செய்து சேர்த்துக்கொண்டார்கள். நான் சொன்ன பொய் என்னையே எப்படி வளைத்துப் பிடித்திருக்கிறது பாருங்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. முதலில் சாப்பாட்டு மேசையில் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன். ஒரு வேளை, இரண்டு வேளை தலையைக் குனிந்து சாப்பிட்டேன். உங்கள் மகள் தெர்மாமீட்டரை எடுத்து வந்து என் வாயில் வைத்தாள். தம்பி என்னைப் பரிதாபமாகப் பார்த்து, “அத்தான், இன்னைக்கு மிருகம் ஒண்ணும் இல்லையா?” என்றான். அவன் என்ன அர்த்தத்தில் கேட்டான் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அடுத்ததாக, அவன் மண்டையில் இருக்கிற சரியான பதில்களைத் தப்பான பதில்களால் வெளியே தள்ளலாம் என்று பார்த்தேன். எந்தக் கோளில் ஒரு நாள் என்பது அதன் ஒரு வருடத்தைவிட நீளம் என்பது வெள்ளிக்கிழமைத் துப்புகளில் ஒன்று, பதில் வெள்ளிக் கோள். அதை வியாழன், வியாழன் என்று காலையும் மாலையும் அவன் காதில் போட்டேன். அவனும் அப்படியா அத்தான் என்று பணிவோடு கேட்டுக்கொண்டான். அதன் பலன், நானே அலுவலகத்தில் அட்டையில் வியாழன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அம்மையார் அதைப் படித்துவிட்டு ஜன்னல் வழியாக ஏணியை ஒரு முறை பார்த்தார்.

பிறகு புதிய துப்புகள் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். பத்து எழுதினேன். யாரிடமும் போட்டுப் பார்க்காமல் அவற்றை எடுத்துப் போக எனக்குக் கை வரவில்லை. ருசி பார்க்காமல் ஊருக்கே பரிமாறுகிற மாதிரி இருந்தது. கடைசியில் குறுக்கு வழியில் இறங்கினேன், தம்பிக்கு ஜலதோஷம் வரவைத்துவிட்டால் போதும் என்று அவன் அறை ஏசியைக் கடுங்குளிரில் வைக்க ரிமோட்டை எடுத்தேன். எந்தப் பொத்தானை அமுக்கினேனோ தெரியவில்லை, அவன் அறையில் வெந்நீர் போலக் காற்று வந்தது. அவன் எழுந்து என் அறையில் வந்து படுத்துக்கொண்டு, வெந்துபோய் வந்தவனாகையால் இங்கே குளிரைக் கூட்டி வைத்துக்கொண்டான். இப்போது தொண்டை கட்டியிருப்பது எனக்கு.

ஆகவே மாமா, இனி உங்களால்தான் ஆக வேண்டும். அவன் என் பேச்சைச் சிரித்துக்கொண்டே கேட்பான், நடக்க மாட்டான். உங்கள் பேச்சைத் தட்ட மாட்டான். வெள்ளிக்கிழமை போகக் கூடாது என்று ஒரு வார்த்தை தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். காரணம் கேட்டால் முழங்கால் வலி, உடனே வா என்று சொல்லுங்கள். அவன் அறிவாளி இல்லை என்று நான் சொல்லவில்லை. அவன் நல்ல பையன், என் பதில்களைத் தன் பதில்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான். அந்த நினைப்பு அவனுக்குச் சந்தோஷமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், ஊர் பார்க்க வேண்டாம். அவன் ஜெயித்தால் என் வேலை போகும். என் வேலை போனால் அவன் படுத்திருக்கிற சோபாவும் போகும். இதை அவனிடம் சொல்ல முடியாமல்தான் உங்களிடம் எழுதுகிறேன்.

அத்தைக்கு என் அன்பான வணக்கங்கள். உங்கள் உடல்நலமும் மனநலமும் என்றும் பெருகி, என்மேல் உள்ள கோபம் மட்டும் சிறுகட்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட மருமகன்.

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்து, உறையை மூட மறந்து, தபால்தலை ஒட்டச் சொல்லி உங்கள் மகளிடம் கொடுத்தேன். பழக்கதோஷம், அவள் எதைக் கொடுத்தாலும் படிப்பாள். சமையலறைக் கதவில் சாய்ந்துகொண்டு முதல் பக்கத்தில் ஆரம்பித்தாள், கழுத்து வலி வந்த இடத்தில் கீழே உட்கார்ந்தாள், அதற்குமேல் சிரிப்பை அடக்க முடியாமல் தம்பியைக் கூப்பிட்டுக் காகிதத்தை நீட்டினாள். அவனும் படித்தான். நான் இரண்டு பேருக்கும் நடுவே தொண்டைக்கட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

பிறகு உங்கள் மகள் பேசினாள். “குறுக்கெழுத்து போட்டே தலை நரைச்ச மனுஷன், ஒரு நாள் காலையில திடீர்னு ஏசி பார்க்கிறவர் ஆயிட்டாராம், அதை நான் நம்பணுமாம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எனக்குத் தெரியுங்க. மூணு இதயம், நீல ரத்தம், கடலுக்குள்ள இருக்கு, அது என்னன்னு நீங்கதான் கேட்டீங்க. நான் ஆக்டோபஸ்னு சொன்னேன். நீங்க தட்டைத் தள்ளி வெச்சிட்டு எழுந்து போனவர், ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசலை. அன்னைக்கு நானும் தம்பியும் முடிவு பண்ணோம். இனிமே இந்த வீட்ல யாரும் சரியா பதில் சொல்லக் கூடாதுன்னு.”

அன்றைக்கு எனக்கு வயிறு சரியில்லை என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

தப்பாகச் சொல்வது லேசுப்பட்ட காரியம் இல்லையாம் மாமா. கேட்டதும் சிரிப்பு வரக் கூடாது, நம்புகிற மாதிரியும் இருக்க வேண்டும், தவறிப்போய்ச் சரியாகவும் இருந்துவிடக் கூடாது. நான் காலையில் முகச்சவரம் செய்யும்போதே அன்றைய துப்பைக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்ப்பேனாம், கழுத்தைப் பிடித்துக்கொள்வது உட்பட. நான் கிளம்பியதும் உங்கள் மகள் உங்களுக்குத் தொலைபேசி செய்து, அப்பா, இன்றைக்கு ஒட்டகச்சிவிங்கி, நல்லதாக ஒரு தப்புச் சொல்லுங்கள் என்று கேட்பாளாம். ஆமை நீங்கள் சொன்னது. இஸ்திரிப் பெட்டி அத்தை சொன்னது. சாப்பாட்டு டப்பாவுக்கு நீங்கள் இருவரும் அரை மணி நேரம் விவாதித்திருக்கிறீர்கள். தம்பி உண்மையிலேயே எல்லாம் தெரிந்தவன். நான் போட்டுப் பார்த்த துப்புகள் எல்லாம் ஊருக்கே தெரிந்த துப்புகள், இந்த வீடு ஒன்றைத் தவிர.

அதைவிடப் பெரிய விஷயம் இனிமேல்தான். அம்மையாரிடம் எப்படிக் கெஞ்சுவது என்பதையும் நான் அதே கண்ணாடி முன்னால்தான் ஒத்திகை பார்த்தேனாம். அதைக் கேட்டுத்தான் தம்பி விண்ணப்பித்திருக்கிறான். ஜெயிப்பதற்கு இல்லை மாமா, தோற்பதற்கு. வெள்ளிக்கிழமை ஒருவராவது தோற்றால் என் வேலை நிற்கும், தோற்பதில் வீட்டிலேயே நல்ல பயிற்சி உள்ளவன் அவன்தான் என்று அக்காவும் தம்பியும் நீங்களும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறீர்கள். உறவினர் என்ற இடத்தில் வேண்டுமென்றேதான் நாற்காலி என்று எழுதினானாம். இரண்டு கோடு இழுத்த உங்கள் கோபக் கடிதமும் இதில் ஒரு காட்சியாமே. அத்தனை பேர் பார்க்கக் கூண்டில் நின்று பைத்தியக்காரப் பதில் சொல்வாயா, மறுநாள் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் கேலி செய்ய மாட்டார்களா என்று தம்பியிடம் கேட்டேன். “அதுக்கென்ன அத்தான், வீட்ல தினமும் சொல்றதுதானே. அங்க லைட் கொஞ்சம் ஜாஸ்தி, அவ்வளவுதான்” என்றான்.

அதற்குமேல் என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தொண்டைக்கட்டு ஒரு விதத்தில் உதவியாக இருந்தது, குரல் உடைந்ததற்கு யாரும் காரணம் கேட்கவில்லை.

புதிய பத்துத் துப்புகளையும் எடுத்து வந்து இருவர் முன்னாலும் வைத்தேன். கழுத்தைப் பிடிக்கவில்லை, கையை உதறவில்லை, நேராகப் படித்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். ஒன்பதுக்கு நான் மூச்சு விடுவதற்குள் பதில் சொன்னார்கள். வலித்தது, ஆனால் எழுந்து போகவில்லை. பத்தாவது: ‘உயிருள்ள மனித உடலில் ரத்தக் குழாயே இல்லாத இடம் இது, தனக்கு வேண்டிய ஆக்சிஜனைக் காற்றிலிருந்து நேராக எடுத்துக்கொள்ளும்.’ உங்கள் மகள் முடி என்றாள், பிறகு இல்லை என்று தலையாட்டினாள். தம்பி நெற்றியைச் சொறிந்தான். உண்மையிலேயே தெரியாதவனின் முகம் எப்படி இருக்கும் என்று இத்தனை காலத்தில் முதல் முறையாகப் பார்த்தேன், அதில் கொஞ்சமும் உறுதி இல்லை. நகமா என்றான், ரொம்பச் சின்னக் குரலில். கண்ணின் முன்பக்கத்தில் இருக்கிற கார்னியா என்றேன். நாள் முழுக்க அதைத்தானே பார்க்கிறேன் என்று தொடையில் ஓங்கித் தட்டினான். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. நாளைக்கு அந்த ஒரு துப்பை மட்டும் எடுத்துக்கொண்டு அம்மையாரிடம் போகிறேன். அப்புறம் அவர் விட்ட வழி.

ஆகவே மாமா, மேலே நான் எழுதிய காரணங்களில் ஒன்றுகூடச் சரியில்லை. எல்லாவற்றையும் அடித்துவிடவும். வேண்டுகோள் மட்டும் அதேதான், தம்பியைத் தடுத்து நிறுத்துங்கள். எதற்கும் இருக்கட்டும், நான் போய்த் தோற்றுவிட்டே வருகிறேன் என்று பிடிவாதமாக நிற்கிறான், இப்போதே சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறான். அக்காவும் அவன் பக்கம். கிளம்புவதற்கு முந்தைய நாள் உங்களுக்குத் தொலைபேசி செய்து, அப்பா, வெள்ளிக்கிழமை என்ன சொல்லட்டும் என்று கேட்பான். இவ்வளவு நாளும் எனக்காக ஒவ்வொன்றாக யோசித்துத் தப்பான பதில்களையே சொல்லிக் கொடுத்தீர்கள். இந்த ஒரு முறை சரியான பதிலைச் சொல்லுங்கள்: போக வேண்டாம் என்று.